ஆக்காட்டி கத்துகிற இடத்தில் முட்டை இருக்காது

ஆக்காட்டி கத்துகிற இடத்தில் அதன் முட்டை இருக்காது. இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிபட ஒரு கோடைகாலம் முழுதாகப் போனது.

மதுரைக்குத் தெற்கே ஒரு கண்மாயை ஒட்டி, பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டு அப்படியே கிடக்கிற ஒரு பொட்டல் உண்டு. சரளைமண், அங்கங்கே வேலிக்கருவை, ஆடு மேய்ந்து மேய்ந்து உண்டான ஒற்றையடித் தடம். காலையில் அந்தப் பக்கம்தான் நடக்கப் போவேன். ஒரு மார்ச் கடைசியில், இரண்டு ஆக்காட்டிகள் என்னைக் கண்டாலே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்த ஆரம்பித்தன. முட்டை வைத்திருக்கின்றன என்று புரிந்தது. எங்கே அதிகமாகக் கத்துகிறதோ அங்கேதானே இருக்கும் என்று, சத்தம் கூடுகிற பக்கமாகப் போய், குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆடு ஓட்டிவரும் பெரியவர் ஒருவர் கருவை நிழலில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நாலாம் நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அது ஒங்கள அங்கிட்டு இழுத்துட்டுப் போகுது. முட்டை இங்கிட்டுல்ல கெடக்கு."

அவர் கை காட்டிய இடம், நான் தினமும் பொட்டலுக்குள் நுழைகிற தடத்திலிருந்து இருபது தப்படிகூட இருக்காது.

தரையில் கூடு வைக்கும் பறவையைக் கவனிக்க ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இதுதான். கூட்டைத் தேடுகிறோம். தேட வேண்டியது கூட்டை அல்ல, பறவை என்ன செய்கிறது என்பதை. ஏன் அப்படி என்று ஆக்காட்டியை வைத்தே சொல்கிறேன். நம் ஊரில் பார்க்க எளிதானது, ஏரி, குளம், கண்மாய், தரிசு என்று எங்கேயும் கிடைப்பது இதுதான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

புத்தகப் பெயர் சிவப்பு மூக்கு ஆள்காட்டி. ஊர்ப்பக்கம் ஆட்காட்டி, ஆக்காட்டி. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. ஆள் வருவதை ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். பெயரே அப்படி வந்ததுதான். குறுந்தொகையில் ஒரு பாட்டில் வரும் 'நெடுங்கால் கணந்துள்' பாலைவழியில் ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அது இந்தப் பறவைதான் என்று சொல்வோர் உண்டு. இதன் குரல் வெள்ளைக்காரர் காதில் 'டிட் ஹி டு இட்?' என்று விழுந்ததாம். அவனா செய்தான் என்று கேட்கிற மாதிரி. எனக்கு என்னவோ அது கேள்வியாகக் கேட்டதே இல்லை, திட்டுகிற மாதிரிதான் கேட்கும்.

உடல் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் நீளம். கௌதாரி அளவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கால்கள் நீண்டு மஞ்சளாக இருக்கும். தலையும் கழுத்தின் முன்பக்கமும் மார்பும் கறுப்பு, முதுகு வெண்கலப் பழுப்பு, வயிறு வெள்ளை. அலகு சிவப்பு, நுனியில் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்னச் சதைமடிப்பு. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு மஞ்சள் மூக்கு ஆள்காட்டி என்று ஒரு சொந்தக்காரன் உண்டு, கொஞ்சம் சிறியது, தலையில் கறுப்புத் தொப்பி, முகத்தில் மஞ்சள் சதை. அது தண்ணீர் இல்லாத வறண்ட பொட்டலில்தான் அதிகம் இருக்கும். சிவப்பு மூக்குக்காரன் தண்ணீரை விட்டு அதிகம் தள்ளிப் போக மாட்டான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சுவர் இல்லாத வீடு

கூடு என்றதும் நமக்குக் குச்சி அடுக்கிய காக்கைக் கூடும், தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடும்தான் நினைவுக்கு வரும். ஆக்காட்டியின் கூட்டில் குச்சி கிடையாது. தரையில் உட்கார்ந்து மார்பை அழுத்திச் சுழன்று, காலால் பின்னுக்குக் கிளறி, ஒரு சின்னப் பள்ளம் பண்ணும். அவ்வளவுதான். சுற்றியும் உள்ளேயும் சில சரளைக் கற்கள், மண்கட்டி, ஆட்டுப்புழுக்கை. அவற்றையும் தூக்கிவந்து அடுக்குவதில்லை. எழுந்து போகும்போது பக்கத்தில் கிடப்பதை அலகால் எடுத்துப் பின்பக்கமாகக் கூட்டின் திசையில் வீசிவிட்டுப் போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஏதோ பிடிக்காததைத் தூக்கி எறிவது போல.

மயில், கௌதாரி, காடை, வானம்பாடி எல்லாமே தரையில்தான் முட்டையிடுகின்றன. ஆனால் அவை புல்லிலோ புதரிலோ கொஞ்சம் ஒளித்து வைக்கும். பக்கி என்கிற இரவுப் பறவை பள்ளம்கூடப் பறிக்காது, சருகின் மேல் அப்படியே இட்டுவிடும். ஆக்காட்டி வைப்பதோ திறந்த வெளியில். புதர் இருந்தால் அதற்குப் பிடிக்காது. காரணம் எளிது: உட்கார்ந்த இடத்திலிருந்து நாலாபுறமும் தெரிய வேண்டும். நாய் வருகிறதா, கீரி வருகிறதா, ஆள் வருகிறாரா என்று தூரத்திலேயே பார்த்துவிட்டால், அது வந்து சேர்வதற்குள் எழுந்து போய்விடலாம். மரத்திலும் வைக்க முடியாது. ஓடுவதற்கென்றே அமைந்த கால் அது. கிளையைப் பற்றிப் பிடிக்கப் பின்விரல் வேண்டும். ஆக்காட்டிக்கு அது பேருக்குத்தான் இருக்கிறது.

மரக்கூட்டுக்கு உயரம் காவல். பொந்துக்குச் சுவர் காவல். தரைக்கூட்டுக்கு இருக்கிற ஒரே காவல், அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பது. ஆக்காட்டி கூடு வைத்திருக்கும்போது செய்கிற கிட்டத்தட்ட எல்லாக் காரியத்தையும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு புரிந்துகொள்ளலாம்.

முட்டையைப் பாருங்கள். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், மேலே கறுப்புத் திட்டுகள் மை தெளித்த மாதிரி. வெள்ளைத் தரையில் வைத்தால் பளிச்சென்று தெரியும். சரளையில் வைத்தால் கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போகும். வழக்கமாக நாலு முட்டை, சில சமயம் மூன்று. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை கூம்பியும் பம்பரம் போல இருக்கும். நாலு பம்பரத்தையும் ஆணி உள்பக்கம் இருக்கும்படி ஒரு வட்டத்தில் வைத்தால் எப்படி நெருங்கிப் பொருந்தும்? அப்படித்தான் கூட்டில் கிடக்கும். உடம்பின் அளவுக்கு முட்டைகள் பெரியவை. இப்படி அடுக்கினால்தான் நாலையும் ஒரு வயிறு மூடும்.

நம் ஊர் நாட்டுப்பாட்டு ஆக்காட்டியும் நாலு முட்டைதான் இடுகிறது, மூன்று குஞ்சுதான் பொரிக்கிறது. பாடியவர்கள் வயல்வெளியில் நின்று எண்ணிப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தப் பாட்டில் ஒரு இடம் மட்டும் இடிக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாடகம்

அந்தப் பெரியவர் சொன்னதற்கு வருவோம். நான் பொட்டலுக்குள் நுழைந்ததும் அடையில் இருக்கும் பறவை என்ன செய்தது என்று பிறகு தூரத்திலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அது கத்தவே இல்லை. தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, பூனை நழுவுகிற மாதிரி கூட்டை விட்டு ஓடியது. முப்பது நாற்பது அடி ஓடிய பிறகு நிமிர்ந்து நின்று, ஒன்றுமே நடக்காதது போலத் தரையைக் கொத்தியது. அப்புறம்தான் பறந்து எழுந்து கத்தல். நாம் திரும்பிப் பார்ப்பது அப்போதுதான். அது எழும்பிய இடத்தை நோக்கி நடப்போம். கூடோ நமக்குப் பின்னால் கிடக்கும்.

நெருங்க நெருங்கக் கத்தல் ஏறிக்கொண்டே போகும். தலையை உரசுகிற மாதிரி பாய்ந்து வரும். ஆனால் கத்தலின் வேகத்தைக் கூட்டுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. நாம் தப்பான பக்கம் போகும்போதும் அதே ஆவேசத்தோடு கூடவே வரும்.

இன்னொரு தந்திரம் உண்டு, என்னை இருமுறை ஏமாற்றியது. கூடு இல்லாத ஓர் இடத்தில் போய், இறகைச் சிலுப்பி, மெல்ல உடம்பை ஆட்டி, முட்டை மேல் அமர்வது போலவே அமரும். அடடா, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்போம். இரண்டு நிமிடத்தில் எழுந்து வேறோர் இடத்தில் போய் மறுபடியும் அமரும். பொய் அடை. சில சமயம் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு அடிபட்ட பறவை போல நொண்டும். நாயும் கீரியும் எளிதாகக் கிடைக்கப்போகிற இரை என்று அதன் பின்னால் போகும். போதுமான தூரம் இழுத்துச் சென்றதும் 'அடிபட்ட' பறவை ஜம்மென்று பறந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, பறவை நம்மைப் போல உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போடுகிறது என்று நினைக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக, இப்படி நடந்துகொண்ட பறவைகளின் முட்டைகள் அதிகம் தப்பின. அந்தப் பழக்கம் இரத்தத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் எந்த எதிரிக்கு எந்த வித்தை என்பதில் அது தெளிவாக இருக்கிறது. காக்கை வந்தால் நடிப்பெல்லாம் இல்லை, நேராகப் பறந்து துரத்தல்தான். ஆடுமாடு வந்தால் இதற்கு நேர் எதிர். ஆட்டுக்கு முட்டை மேல் ஆசை இல்லை, மிதித்துவிடுவதுதான் பயம். அப்போது பறவை ஓடி ஒளிவதில்லை. கூட்டுக்கு முன்னால் எழுந்து நின்று, கறுப்பும் வெள்ளையும் தெரிய இரண்டு சிறகையும் விரித்துக் காட்டும்.

அதை ஒரு நாள் கிட்டத்திலேயே பார்த்தேன். அந்தப் பெரியவரின் மந்தைதான், ஐம்பது அறுபது உருப்படி இருக்கும். முன்னால் வந்த கிடா, தலையைத் தொங்கப் போட்டபடி மேய்ந்துகொண்டே நேராகக் கூட்டை நோக்கி வந்தது. பறவை அசையவில்லை. நாலைந்து அடி நெருங்கியதும் சடாரென்று எழுந்து சிறகை விரித்தது. கிடா ஒரு கணம் நின்று, மூக்கால் ஒரு ஊது ஊதி, பக்கவாட்டில் திரும்பியது. பின்னால் வந்த ஆடுகளும் அதன் வழியே திரும்பின. மந்தை இரண்டாகப் பிரிந்து கூட்டைச் சுற்றிப் போய் மறுபடி ஒன்றானது. நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் புழுதி எழவில்லை. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அவருக்கு அது தினமும் நடக்கிறது.

அடைகாப்பது சூடேற்ற அல்ல

அடைகாப்பது என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மே மாத மதியத்தில் ஆக்காட்டியைப் பார்த்தால் அந்தப் பாடம் தலைகீழாகும்.

முட்டைக்குள் கரு வளரத் தோதான வெப்பம் சுமார் 36 முதல் 38 டிகிரி. நாற்பதைத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. மே மாத உச்சி வெயிலில் நம் ஊர்ப் பொட்டலின் தரை 50 டிகிரியைத் தாண்டிவிடும். வெறுங்காலால் நடந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தரையில் திறந்து கிடக்கிற முட்டை வெந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் பறவை உட்கார்ந்திருப்பது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. கவனித்தால் தெரியும்: காலையில் முட்டையோடு முட்டையாக அழுந்தி உட்கார்ந்திருக்கும் பறவை, வெயில் ஏற ஏற உடம்பைத் தூக்கும். பதினொரு மணிக்கு மேல் பாதி நின்ற நிலை. உச்சியில் முழுதாக எழுந்து நின்று, சிறகைச் சற்றே தளர்த்தி, தன் நிழல் முட்டை மேல் விழும்படி நிற்கும். வாய் திறந்திருக்கும், தொண்டை துடித்துக்கொண்டே இருக்கும். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவது போலத்தான். தன் சூட்டைத் தணிக்க அதற்கு அதுதான் வழி.

அப்புறம் தண்ணீர். கண்மாயில் மிச்சம் இருக்கும் குட்டைக்குப் போய், முழங்கால் ஆழத்தில் நின்று, வயிற்றை நீரில் அமிழ்த்தி எழும். ஒன்றிரண்டு முறையல்ல, இறகு நன்றாக ஊறும்வரை. பிறகு சொட்டச் சொட்ட வந்து முட்டை மேல் உட்காரும். ஈரத்துணியைப் பானை மேல் சுற்றிவைப்பது போன்ற ஏற்பாடு. ஈரம் ஆவியாகும்போது முட்டையும் சுற்றியுள்ள மண்ணும் குளிர்கின்றன. சிவப்பு மூக்குக்காரன் தண்ணீரை விட்டு அதிகம் தள்ளிப் போகாததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான்.

ஒரு பறவையால் இது ஆகாது. ஆண், பெண் இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன. மதிய வெயிலில் ஆண் வந்து பெண்ணை விடுவிப்பது வழக்கம் என்று கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்று போல இருப்பதால் ஆரம்பத்தில் நம்மால் யார் எவர் என்று சொல்ல முடியாது. பரவாயில்லை. 'ஒன்று எழுந்தது, மற்றது அமர்ந்தது' என்று நேரத்தோடு குறித்து வைத்தாலே போதும். ஒரு வாரக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெயில் நேரத்தில் மாற்றம் அடிக்கடி நடப்பது தானாகத் தெரியும்.

இதனால்தான் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கூட்டை நெருங்கவே கூடாது. நீங்கள் பத்து நிமிடம் நின்றால் பறவை பத்து நிமிடம் கூட்டை விட்டு விலகி நிற்கும். காலையில் அது முட்டைக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். மதியத்தில் அந்தப் பத்து நிமிடம் போதும்.

எப்படிப் பார்ப்பது

முதல் வருடம் நான் செய்ததைச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பெரியவர் இடத்தைக் காட்டியதும், தினமும் காலையில் நேராகப் போய் முட்டையை எண்ணிவிட்டு வருவேன். கைபேசியில் ஒரு படம். மறந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் மூன்று கல்லைக்கூட அடுக்கி வைத்தேன். ஆறாம் நாள் பள்ளம் காலியாக இருந்தது. ஓடுகூட இல்லை. எது தின்றது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மூன்று நாளும் பக்கத்துப் பிளாட் கல்லில் ஒரு காக்கை உட்கார்ந்து, நான் எங்கே குனிகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை. கீரிக்கோ நாய்க்கோ என்றால் நான் நடந்த தடத்தின் வாடையே போதும். யாருக்கும் தெரியாத இடம் என்பதுதான் அந்தக் கூட்டுக்கு இருந்த சுவர். அதில் தினமும் நானே போய் ஓட்டை போட்டிருக்கிறேன்.

மறு வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன்: கூட்டுக்குப் போவதே இல்லை. கண்மாய்க் கரையில், கூடு இருக்கும் என்று தோன்றிய இடத்திலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி ஒரு மரத்தடியில் உட்காருவேன். 8x42 இருநோக்கி ஒன்று. எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42 என்பது முன்பக்க வில்லையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கலாமே என்று தோன்றும். கை நடுக்கமும் பத்து மடங்காகும், எட்டே போதும். இருநோக்கி இல்லையென்றாலும் குறையில்லை, திறந்த வெளியில் ஆக்காட்டி வெறுங்கண்ணுக்கே தெரியும்.

உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான், அசையாமல் இருப்பது. முதலில் கத்தும். பிறகு கத்தல் குறையும். பிறகு தரையில் இறங்கி, நாலடி ஓடி நின்று, நாலடி ஓடி நின்று, சுற்றுமுற்றும் பார்க்கும். இப்போது அவசரப்படாதீர்கள், இங்கேதான் பொய் அடை வரும். உண்மையான கூட்டில் அமரும் பறவையை இரண்டு விஷயத்தில் அடையாளம் காணலாம். அமர்வதற்கு முன் தலையைக் குனிந்து காலுக்கடியில் அலகால் எதையோ சரிசெய்யும். முட்டையைப் புரட்டி வைக்கிறது. அமர்ந்த பிறகு எழுந்திருக்காது. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆனாலும் அங்கேயே இருக்கும். அப்போது அந்த இடத்தை, கல் அடுக்கி அல்ல, மனசுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும்: மூன்றாவது பிளாட் கல்லுக்கும் அந்தச் சாய்ந்த கருவைக்கும் நடுவில், கல்லிலிருந்து இவ்வளவு தூரம் என்று.

நீங்கள் போய் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் பறவை திரும்பவில்லையென்றால் நீங்கள் இருக்கும் இடம் சரியில்லை. இன்னும் பின்னால் போங்கள், இல்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இன்னொரு வழி, வண்டி. நடந்து வரும் ஆளைக் கண்டு எழுகிற அதே பறவை, பாதையோரம் நிற்கும் காரைப் பொருட்படுத்தாது. கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்து பார்க்கலாம்; கதவைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது.

நோட்டில் என்ன எழுதுவது? பெரிதாக ஒன்றும் வேண்டாம். தேதி, நேரம், வெயிலா மேகமா, பறவை அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா பாதி நிற்கிறதா முழுதாக நிற்கிறதா, எப்போது ஆள் மாறியது, எதைக் கண்டு எழுந்தது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது. என் நோட்டில் ஒரு மே மாதப் பக்கம் இப்படிப் போகிறது: "11.10 பாதி நிலை. 11.25 முழு நிலை, வாய் திறந்திருக்கிறது. 11.32 மற்றது குட்டையிலிருந்து நடந்து வந்தது, வயிறு ஈரம். 11.33 மாற்றம். 11.50 மறுபடி மாற்றம். பருந்து நிழல், இரண்டும் அசையவில்லை." படிக்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். நாற்பது பக்கம் சேர்ந்தால் கதை வந்துவிடும்.

படம் எடுத்தால் இருக்கும் இடத்தைச் சொல்லிப் பகிராதீர்கள். முட்டையைத் தொடுவதோ, 'பாதுகாப்பான' இடத்துக்கு மாற்றி வைப்பதோ, சுற்றி முள் வெட்டி வேலி கட்டுவதோ வேண்டவே வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தாலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஆக்கிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். உழவு நடக்கப்போகிற வயலில் கூடு இருந்தால் மட்டும் வாய் திறக்கலாம். டிராக்டர் ஓட்டுகிற அண்ணனிடம் சொன்னால், அந்த ஒரு பாய் அளவு இடத்தைச் சுற்றி ஓட்டிவிட்டுப் போவார். பலர் நாம் சொல்லாமலே அப்படித்தான் செய்கிறார்கள்.

முட்டை போய்விட்டால்? பறவை ஒப்பாரி வைப்பதில்லை. பருவம் மிச்சம் இருந்தால் வேறோர் இடத்தில் மறுபடி இடும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பருவம் நீள்வதால் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு உண்டு. கோடை மழையில் பள்ளம் மூழ்கியும் முட்டைகள் போவதுண்டு.

பொரிக்கிற நாள்

கோழிக்கு 21 நாள். கோழிமுட்டையை விடச் சிறிய இந்த முட்டைக்கு 28 முதல் 30 நாள். முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. ஆனாலும் கடைசி முட்டை வரும்வரை அடையைத் தீவிரமாகத் தொடங்காததால், நாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிக்கும். அது ஏன் முக்கியம் என்றால், பொரித்த குஞ்சு கூட்டில் இருக்கப்போவதில்லை. ஒன்று இன்று, ஒன்று நாலு நாள் கழித்து என்றால் தாய் யாரைப் பார்ப்பது?

பொரித்ததும் பறவை முதலில் செய்கிற வேலை, உடைந்த ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு தூரத்தில் போய்ப் போடுவது. ஓட்டின் வெளிப்பக்கம்தான் மண் நிறம், உள்பக்கம் வெள்ளை. சரளையில் அந்த வெள்ளை விளக்குப் போட்டதுபோல் தெரியும். டச்சு நாட்டில் பிறந்த நிக்கோ டின்பெர்கன் 1960களின் தொடக்கத்தில் கடற்காக்கை என்கிற கடலோரப் பறவையின் முட்டைகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்: முட்டைக்குப் பக்கத்தில் உடைந்த ஓட்டை வைத்தால் காக்கைகள் அந்த முட்டையை எளிதில் கண்டுபிடித்தன, ஓடு தள்ளிப் போகப் போக முட்டை தப்பியது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

புறாக் குஞ்சையோ குருவிக் குஞ்சையோ பார்த்திருப்பீர்கள்: கண் மூடி, உடம்பில் இறகில்லாமல், வாயை மட்டும் திறந்துகொண்டு கிடக்கும். ஆக்காட்டிக் குஞ்சு கோழிக்குஞ்சு ஜாதி. கண் திறந்தே வரும், உடம்பெல்லாம் மண் நிறத் தூவி. ஈரம் காய்ந்த சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிடும். அதன் பின் கூட்டுக்கு யாரும் திரும்புவதில்லை. கூட்டில் இருந்தால்தானே ஆபத்து.

பாட்டில் இடிக்கிறது என்றேனே, இந்த இடம்தான். பாட்டு ஆக்காட்டி, குஞ்சுகளுக்கு இரை தேடி மலை மலையாகச் சுற்றுகிறது. நிஜ ஆக்காட்டி குஞ்சுக்கு ஊட்டுவதே இல்லை. முதல் நாளிலிருந்தே குஞ்சு தானே பூச்சியைக் கொத்தித் தின்னும். பெற்றோரின் வேலை காவல், நிழல், இரவில் சூடு. பாட்டைக் குறை சொல்லவில்லை. அதைப் பாடிய தாய்மார் தங்கள் கதையைத்தான் பறவையின் வாயில் வைத்தார்கள்.

காவல் எப்படி என்றால், ஒரே ஒரு கூர்மையான குரல். கேட்ட மாத்திரத்தில் குஞ்சுகள் நின்ற இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். ஓடாது, அசையாது. மாட்டுக் குளம்படிப் பள்ளம் ஒன்று கிடைத்தால் அதற்குள் மடங்கிக்கொள்ளும். இந்தச் சமயத்தில் நாம் பொட்டலுக்குள் நடந்தால் மிதித்துவிட வாய்ப்பு அதிகம். குஞ்சு இருக்கிறது என்று தெரிந்தால் தடத்தை விட்டு இறங்கவே கூடாது. ஆபத்து போனதும் வேறொரு மெல்லிய குரல். கற்களில் சில எழுந்து ஓடும்.

இரண்டாம் வருடம் அந்தக் கூட்டில் மூன்று பொரித்தன. முதல் வாரம் வெயில் ஏறியதும் மூன்றும் தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்துகொள்ளும். தாய் நின்றபடியே இருக்கும். இருநோக்கியில் பார்த்தால் ஒரே பறவைக்கு எட்டுக் கால். இரண்டு நீளமாக மஞ்சளாக, ஆறு தீக்குச்சி போல. ஐந்து வாரத்துக்கு மேல் ஆகி, ஒரு நாள் காலை ஒரு குஞ்சு சிறகடித்துக் கண்மாய்க் கரை மேட்டைத் தாண்டியதைப் பார்த்தேன். மற்ற இரண்டையும் அதற்கு முன்பே காணோம். பறந்து போயிற்றா, வேறேதாவது ஆயிற்றா, என் நோட்டில் அதற்குப் பதில் இல்லை.

அதன் பிறகுதான் முதல்முறையாக அந்தக் கூட்டுக்கு நடந்து போனேன். ஒரு மாதம் இருநோக்கி வழியே பார்த்த இடம், மூன்றாவது கல்லும் சாய்ந்த கருவையும் அப்படியே இருக்கின்றன. பத்து நிமிடம் தேடினேன். கடைசியில் காலுக்கடியிலேயே கிடந்தது: என் ஒரு சாணுக்குள் அடங்குகிற பள்ளம், ஏழெட்டுச் சரளைக் கல், காய்ந்த ஆட்டுப்புழுக்கை நாலு.